காலி இடம் பொறுக்காதவர்

கும்மிடிப்பூண்டியில் ஒருவர் அவரை எப்படிக் குறிப்பிடுகிறார் என்பதை வைத்தே, பேசுகிறவர் யார் என்று சொல்லிவிடலாம். ‘நைனா’ என்றால் அவருடைய வாலிபால் அணியில் ஆடியவர். ‘மொதலாளி’ என்றால் அவருடைய ரோலிங் மில்லில் கம்பி இழுத்தவர். இரண்டு பேரும் ஒரே டீக்கடையில் நின்று ஒரே மனிதரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். புதிதாக வந்தவருக்கு அது இரண்டு வெவ்வேறு ஆட்களைப் பற்றிய பேச்சாகத்தான் தோன்றும்.

நான் அப்போது ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். பொன்னேரியிலிருந்து ஆந்திர எல்லை வரை என் பகுதி. சாலை விபத்து, ஏரி உடைப்பு, பெரியபாளையம் ஆடித் திருவிழா, விளையாட்டு எல்லாவற்றையும் நானே எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிப்காட்டை ஒட்டியிருந்த அவருடைய மைதானத்துக்குப் போவேன்.

குள்ளமான மனிதர். வாலிபால் ஆடும் உயரம் அவருக்கு இல்லை, ஆடியதும் இல்லை. வெள்ளை அரைக்கைச் சட்டை, அதன் பையில் ஒரு சோம்பு டப்பி. வலைக்கு நேராக, கோட்டுக்கு வெளியே, இரண்டு பிரம்பு நாற்காலிகள் போட்டிருக்கும். வீட்டிலிருந்து காரில் வரும் நாற்காலிகள் அவை. ஒன்றில் அவர், மற்றதில் அவர் மனைவி. ஆட்டம் அந்த அம்மாளுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று வீரர்கள் சொல்வார்கள். யாராவது சர்வீஸை வலையில் அடித்தால் தெலுங்கில் ஏதோ முணுமுணுப்பார். பயிற்சி முடிந்ததும் ஒரு தூக்கு நிறைய அவித்த முட்டை கொடுப்பார்.

அந்த மனிதர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. மைதானத்தில் அவர் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான். “காலியா வுடாத.” எதிரணிக்காரன் பந்தை அடிக்கக் கை ஓங்கும்போது, நம் பக்கம் எந்த இடத்தில் ஆள் இல்லையோ அங்கேதான் பந்து விழும். அதை அவர் பந்து எழும்புவதற்கு முன்பே பார்த்துவிடுவார். ஒருவன் கால் பிசகி உட்கார்ந்தால், பயிற்சியாளர் யோசிப்பதற்குள் இவர் எழுந்து நின்று இரண்டு முன்னங்கைகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்று உருட்டுவார். ஆள் மாற்றுவதற்கு நடுவர்கள் காட்டும் சைகை அது. அடுத்தவன் ஓடி உள்ளே போவான். உட்கார்ந்தவனுக்கு ஐஸ் வைக்க இவரே குனிவார்.

பழவேற்காட்டிலிருந்து அவர் ஒருவரைக் கொண்டுவந்த கதையை எல்லா வீரர்களும் சொல்வார்கள். ஏரியில் படகின் மேல் நின்று வலை வீசிக்கொண்டிருந்த ஒரு நெட்டை மீனவரை, கரையில் காரை நிறுத்திவிட்டு நெடுநேரம் பார்த்தாராம். கரைக்கு வந்ததும், பந்து அடிக்கிறாயா, மில்லில் நிரந்தர வேலை தருகிறேன் என்றாராம். அந்த ஆள், தான் வந்துவிட்டால் அண்ணனுடன் படகில் போக வேறு யாரும் இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டார். அடுத்த வாரம் இவர் மறுபடி போனார். “உங்க அண்ணனுக்கு ஆள் போட்டுட்டேன். டப்பு மாசாமாசம் நான் குடுத்துக்கறேன். நீ வாடா.” படகில் ஏற்கெனவே வேறொருவர் உட்கார்ந்திருந்தார். பல வருடங்கள் அந்த அணியின் சிறந்த அடிகாரராக இருந்தவர் அந்த மீனவர்தான். நைனா இல்லையென்றால் தன் தோளின் அருமை தனக்கே தெரிந்திருக்காது என்று இன்றும் சொல்கிறார்.

மில்லில் வேலை செய்தவர்கள் வேறொரு கதை சொல்வார்கள். தங்கை கல்யாணத்துக்கு விடுப்புக் கேட்டுப் போன ஒரு தொழிலாளி, பெரியபாளையத்தில் கல்யாணம் முடித்துத் திரும்பி வந்தால், அவர் இடத்தில் வேறொருவர் இடுக்கியோடு நின்றிருந்தார். முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தானே போனேன் என்றார். “சொன்ன. நானும் சரின்னேன். அதுக்காவ எடத்தைக் காலியா வுடுவனா?” குரலில் கோபம் இல்லை. அவருக்கு அது விளங்காத கேள்வியாகவே இருந்ததாம். வேறொரு மில்லில் வேலை வாங்கிக் கொடுத்ததும் முதலாளியேதான். ஆனால் பழைய இடம் போனது போனதுதான்.

ரோலிங் மில்லைப் பார்க்காதவர்களுக்காக ஒரு விவரம் சொல்ல வேண்டும். உலையிலிருந்து சிவந்து வரும் இரும்புக் கட்டி உருளைகளுக்கு நடுவே புகுந்து நீளும். மறுபக்கம் கம்பியாக வெளியே பாயும்போது அங்கே நிற்பவர் அதன் தலையை இடுக்கியால் பிடித்து, வளைத்து, அடுத்த உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒருவர் தாமதித்தால் கம்பி பாம்பாகச் சுருண்டு தரையில் புரளும். ஆள் இல்லாத இடம் அங்கே நிஜமாகவே ஆபத்தான இடம். அவருடைய சுபாவம் மைதானத்திலிருந்து மில்லுக்கு வந்ததா, மில்லிலிருந்து மைதானத்துக்குப் போனதா என்று எனக்குத் தெரியாது.

அணி வீரர்கள் எல்லோரும் மில்லின் நிரந்தரத் தொழிலாளிகள். தொழிற்சாலை அணிகளுக்கான போட்டியில் ஆட அது கட்டாயம். ஆனால் பயிற்சிக்கும் பயணத்துக்கும் போகிறவர்கள் உருளைக்கு முன் நிற்க முடியாது. அவர்கள் இடத்தில் காண்ட்ராக்ட் ஆட்கள் நின்றார்கள். கேட்டில் ஒரு பலகையில் பித்தளை டோக்கன்கள் தொங்கும். காண்ட்ராக்ட் ஆள் வந்து வீரரின் டோக்கனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போவார். அந்த ஷிப்டில் வேலை செய்தது அந்த வீரர் என்றே கொள்ளப்படும். இது ரகசியம் இல்லை. மில்லில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கேலிகூட உண்டு. இரும்பு இழுக்கிறவனை, இன்றைக்கு நீ எந்தக் கப் ஜெயித்தாய் என்று கேட்பார்கள்.

தயாளன் என்பவர் அந்த அணியின் லிஃப்டர். அடிகாரருக்கு வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் ஆள். அவர் கையில் பந்து விழுந்தால் சத்தமே கேட்காது. அவருடைய டோக்கனை எடுத்துக்கொண்டு மில்லுக்குள் போனவர் ஏழுமலை, பெரியபாளையத்தை அடுத்த ஆரணிப் பக்கத்துக்காரர். இருவரும் பேசிக்கொள்வார்கள், சில நாள் ஒன்றாக நாஷ்டா சாப்பிடுவார்கள். “உன் பேர்ல நான் கருகிக்கினு கீறேன், என் பேர்ல நீ ஒரு வாட்டி சர்வீஸ் போடேன்” என்று ஏழுமலை சொல்வாராம்.

ஒரு வருடம் இறுதி ஆட்டம் முதலாளியின் மைதானத்திலேயே நடந்தது. ஐந்தாவது செட். மில்லின் வாட்ச்மேன் சைக்கிளில் வந்து, ஓரமாகவே நடந்து, அவருடைய காதருகே குனிந்தார். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவர் திருப்பிக் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. “மில்லு ஓடுதா, நிக்குதா?”

நிற்கிறது என்று வாட்ச்மேன் தலையசைத்திருக்க வேண்டும். அவர் எழுந்து கூட்டத்தின் பக்கம் திரும்பினார். வேலை இல்லாத ஷிப்ட் ஆட்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். முன்னங்கைகளை உருட்டிக் காட்டி, தொந்தி வைத்த ஒருவரை நோக்கி விரல் நீட்டினார். அந்த ஆளை ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து மைதானமே சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். அந்த ஆளும் சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். கிட்டே வந்து முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, வாட்ச்மேனின் சைக்கிளில் பின்னால் ஏறிப் போனார். இவர் உட்கார்ந்தார். மனைவி ஏதோ கேட்டார். இவர் சோம்பு டப்பியைத் திறந்தார்.

கடைசிப் பந்தைத் தயாளன் முதுகுக்குப் பின்னால் தூக்கிக் கொடுத்தார். மீனவர் அடித்தார். ஜெயித்தார்கள்.

கோப்பை வாங்கியதும் முதலாளி தயாளனிடம் போய், அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, புறங்கையைத் திருப்பிப் பார்த்து, “உன் கைக்கு ஒண்ணும் இல்ல. மத்தத நான் பாத்துக்கறேன்” என்றார். தயாளன் அதைப் பாராட்டு என்று நினைத்தார். கோப்பையோடு மில் கேட்டுக்கு ஊர்வலம் போனபோது பலகையில் தன் டோக்கனைத் தேடினார். வாட்ச்மேன் சொன்னார்: “உன் டோக்கன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்குதுபா. ஏழுமலை பாக்கெட்ல.”

கம்பி திரும்பி அடித்து, ஏழுமலையின் வலது கை உருளைக்குள் போயிருந்தது. சென்னையில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். அவர் கண் விழிக்கும்வரை முதலாளி ஆஸ்பத்திரி வராந்தாவின் சிமென்ட் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டவர்களைத் திருப்பி அனுப்பினார். மில் மட்டும் அன்று மாலையே மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. இரண்டும் உண்மை. ஊரில் ஒரு பாதி முதலாவதைச் சொல்லும், மறுபாதி இரண்டாவதைச் சொல்லும்.

விபத்து என்று எங்கும் பதிவாகவில்லை. பதிவு செய்தால் அந்த இடத்தில் நின்றது யார் என்று எழுத வேண்டும். முறைப்படி நின்றவர் தயாளன். தயாளன் முழுக் கைகளோடு கோப்பையைத் தூக்கிக் காட்டியதை ஊரே பார்த்திருந்தது. உண்மையை எழுதினால் எல்லா வீரர்களின் வேலையும் கேள்விக்குள்ளாகும். கோப்பையும் போகும், அணியும் போகும். அதனால் சட்டம் தர வேண்டியதை அவர் தன் கையால் தந்தார். மைதானத்தின் ஓரத்தில் ஓர் அறை கட்டி, ஏழுமலையின் குடும்பத்தை அங்கே குடிவைத்தார். சாகிறவரை உன் இடம் இது என்றார். கோர்ட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதும் வலை கட்டுவதும் ஏழுமலையின் வேலையாயிற்று. ஏழுமலையின் மகளை முதலாளி நர்ஸுக்குப் படிக்க வைத்தார். இடது கையால் கோடு போட ஏழுமலை பழகிய பிறகு, வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி அதைக் காட்டிப் பெருமைப்படுவார். ரெண்டு கை இருக்கிறவன்கூட இவ்வளவு நேராகப் போடமாட்டான் என்பார். பக்கத்தில் நிற்கும் ஏழுமலையும் சிரிப்பார். சில மாதங்களில் அவர் ‘மொதலாளி’ என்பதை விட்டு ‘நைனா’ என்று சொல்ல ஆரம்பித்ததை நான் கவனித்தேன்.

ஏழுமலையின் மனைவி கன்னியம்மா எந்தப் பெயரும் சொல்லமாட்டார். ‘அந்தாளு’ என்பதோடு சரி. அறைக்கு மைதானத்தைப் பார்த்து ஒரு ஜன்னல் உண்டு. அதை அவர் திறந்ததே இல்லை. சாலைப் பக்கக் கதவு வழியாகவே போய்வருவார். மைதானத்தின் மண்ணில் அவர் கால் பட்டு யாரும் பார்த்ததில்லை. பெரியபாளையத்தில் ஆடி மாதம் வேப்பிலை விற்பார், மற்ற நாட்களில் பூ. ஒருமுறை நான், குடும்பத்துக்கு நிறையச் செய்திருக்கிறாரே என்று பேச்செடுத்தபோது, தொடுத்துக்கொண்டிருந்த பூவிலிருந்து நிமிராமல் சொன்னார்: “எல்லாத்துக்கும் ஆள் போட்டாரு. கைக்கு இன்னாத்த போடுவாரு?”

பிறகு முதலாளியின் மனைவி இறந்தார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு ஆட்டம் இருந்தது. வரமாட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். வந்தார். காரிலிருந்து இரண்டு நாற்காலிகளும் இறங்கின. அவர் ஒன்றில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியை ஒரு நொடி பார்த்தார். பிறகு, கணுக்கால் சுளுக்கி அன்று ஆடாமல் நின்ற தயாளனைக் கூப்பிட்டு, “இங்க குந்துடா” என்றார். தயாளன் தயங்கினார். “குந்துடா. காலியா கெடக்குது பார்.” குரல் அப்போதுதான் கொஞ்சம் உடைந்தது.

அவருடைய இளைய மகன் அன்று அப்பாவுக்குத் துணையாக வந்திருந்தார். காரைப் பூட்டிவிட்டு வந்தவர், அம்மாவின் நாற்காலியில் தயாளன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். நாற்காலிகளுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். அப்பா திரும்பவில்லை. ஒரு செட் முடிவதற்குள் மகன் போய்விட்டார். அதன் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. அந்த நாற்காலிக்கு உரிய மகன் பின்னாலேயே நின்றார் என்பதை அன்று அப்பா கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது. பிறகு பல மாதம் தயாளனையே பக்கத்தில் உட்காரவைத்தார்.

முதலாளி போய்ச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. கட்டிலில் விழாமல், மில் ஆபீசிலேயே உயிர் போயிற்று. பாகப் பிரிவினையில் மில் மூத்தவருக்கும் மைதானம் இளையவருக்கும் வந்தன. இளையவர் மைதானத்தை ஒரு கண்டெய்னர் கம்பெனிக்குப் பேசி முடித்தார். எண்ணூர்ப் பக்கத் துறைமுகங்களுக்குப் போகும் சரக்குக்கு இந்த வட்டாரத்தில் நிலம் எவ்வளவு இருந்தாலும் போதாது. ஓரத்து அறையைக் காலி செய்யும்படி ஏழுமலையிடம் ஓர் ஆள் வந்து சொன்னார். நைனா கொடுத்த இடம் என்று ஏழுமலை சொல்லிப் பார்த்தார். மகன் விசாரித்தார். ஏழுமலை என்று ஒருவர் மில்லில் வேலை செய்ததற்கே தடயம் இல்லை.

கைமாறுவதற்கு முன், அப்பா பெயரில் ஒரு நாள் ஆட்டம் நடத்த மகன் ஏற்பாடு செய்தார். குறை சொல்ல முடியாதபடி செய்தார். ஷாமியானா, ஒலிபெருக்கி, எல்லோருக்கும் பிரியாணி. பழைய வீரர்கள் தொந்தியும் நரையுமாக வந்திருந்தார்கள். ஏழுமலை விடிந்ததிலிருந்து கோடு போட்டிருந்தார். வலைக்கு நேராக முதலாளியின் பிரம்பு நாற்காலியை வைத்து, அதில் அவருடைய படத்தைச் சாய்த்து, மாலை போட்டிருந்தார்கள். மகன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

முதல் செட் நடந்துகொண்டிருக்கும்போது கன்னியம்மா சாலைப் பக்கமிருந்து சுற்றிக்கொண்டு வந்தார். மைதானத்துக்குள் கால் வைத்தார். பழைய வீரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நேராக நாற்காலிக்குப் போய், படத்தைத் தூக்கி, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். படத்தைத் தரையில் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

மகன் எழுந்து, யாரம்மா நீங்கள் என்று கேட்டார். சுண்ணாம்பு போடுகிறவரின் பெண்டாட்டி என்றார்.

“இது எங்க அப்பாவோட சேர்ம்மா.”

“தெரியும்பா. எடத்தைக் காலியா வுட்டா உங்கப்பாவுக்கு ஆவாதாமே. அதான் குந்திக்கினேன்.”

மகன் பொறுமையானவர். குரலைத் தாழ்த்தி, அறையைப் பற்றி நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், ஆனால் உங்கள் வீட்டுக்காரர் எங்கள் மில்லில் வேலையே செய்யவில்லையே என்றார். கன்னியம்மா அவரைப் பார்க்கவில்லை. கண் வலையின் மேல் இருந்தது.

தயாளன் கோர்ட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தார். மில்லிலிருந்து ஓய்வு பெற்று, அந்தக் காசில் ஆரணியில் வீடு கட்டியவர். அவர் வாயைத் திறந்தால் அவர் சம்பளம், ஓய்வுப் பணம் எல்லாமே கேள்விக்கு வரும் என்று அங்கிருந்த பழைய ஆட்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அவர் நடந்து வந்தார்.

“செஞ்சாரு சார். என் பேர்ல செஞ்சாரு. நான் இங்க ஆடிக்கினு இருந்தேன், அவரு அங்க என் டோக்கனை வச்சிக்கினு நின்னாரு. அன்னிக்கு மிசின்ல போனது கணக்குப்படி என் கை சார்.” பிறகு, “மொதலாளிக்குத் தெரியும்” என்றார்.

தயாளன் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

மகன் தயாளனின் கைகளைப் பார்த்தார். பிறகு கோட்டின் மூலையில் சுண்ணாம்பு வாளியோடு நின்ற ஏழுமலையைப் பார்த்தார். தன் பிளாஸ்டிக் நாற்காலிக்குத் திரும்பவில்லை. அந்தப் பிரம்பு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். இந்த முறை கடைசி செட் வரை நின்றார். கன்னியம்மா ஆட்டம் முழுவதையும் பார்த்தார். படம் அவர் மடியில் நிமிர்ந்திருந்தது. அதுவும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. முடிந்ததும் எழுந்து, படத்தை நாற்காலியில் முன்பிருந்தபடியே சாய்த்து, நழுவியிருந்த மாலையைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

இதனால் எல்லாம் மாறிவிடவில்லை. மகன் அறைக்குக் கெடு நீட்டித்தார், அவ்வளவுதான். நிலம் பேசியபடியே கைமாறியது. தயாளன் எழுத்தில் வாக்குமூலம் கொடுத்தார். அது நிற்குமானால் செய்யாத வேலைக்குச் சம்பளம் வாங்கிய குற்றம் உம்மேல்தான் வரும் என்று மில்லின் வக்கீல் சொன்னார். வரட்டும் என்று தயாளன் சொன்னார். நஷ்டஈடு கேட்டு ஏழுமலை போட்ட வழக்கு திருவள்ளூருக்கும் சென்னைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. ஏழுமலையும் கன்னியம்மாவும் இப்போது ஆரணியில் தயாளன் வீட்டு முன்னறையில் இருக்கிறார்கள். அந்த அறையின் ஜன்னல் திறந்திருக்கிறது. இன்னமும் ஏழுமலை ‘நைனா’ என்கிறார். தயாளன் ‘மொதலாளி’ என்கிறார். கன்னியம்மா பேச்சை மாற்றிவிடுகிறார்.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். சுற்றுச்சுவர் எழுப்பியிருந்தார்கள். கேட் திறந்து ஒரு டிரெய்லர் உள்ளே போனபோது எட்டிப் பார்த்தேன். வலைக் கம்பம் நின்ற இடம், இரண்டு நாற்காலிகள் இருந்த இடம், ஏழுமலையின் அறை இருந்த மூலை எதுவும் அடையாளம் தெரியவில்லை. நீலமும் துருச்சிவப்புமாக, ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்டெய்னர்கள். உள்ளே போன டிரெய்லர் திரும்பவும் வழியின்றி முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டிருந்தது. அந்த மைதானத்தில் இப்போது ஓர் அடி இடம்கூடக் காலியாக இல்லை.